உன் அம்மாவின் வலது கைக்கு வாங்கிய ஸ்பாஞ்சு

மகனுக்கு அத்தாவின் ஸலாம்.

நீ சுகமாக இருப்பது தெரியும். போன வெள்ளிக்கிழமை வீடியோவில் பார்த்தேன், முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது. நாங்களும் சுகம்தான். ஆனால் சுகம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உன் மேல் கோபம். அன்றைக்குப் பேச்சு பாதியில் நின்றதற்கு சிக்னல் காரணம் இல்லை, நான்தான் போனை வைத்தேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று பார்த்தேன், இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அழித்துவிட்டேன். அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் ரூமில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் வயதான அத்தா அம்மா இருக்கிறார்கள். அவர்களும் குவைத்திலிருந்து வாரம் ஒரு நாள் போனில் குடும்பம் நடத்துகிறவர்கள்தான்.

அன்றைக்கு நீ பேசியதை நீயே மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் பாத்திரம் கழுவிய சோப்பு நுரை கொஞ்சம் ஒட்டியிருந்தது. "அம்மா, கையில என்னாம்மா நுர?" என்றாய். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நீ விடவில்லை. "அத்தா, திரும்பவும் ஏனம் வெளக்க வுட்டுட்டீங்களா? ஆள் வச்சிட்டு வந்தேன், நல்ல ஸ்பாஞ்சா வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். இன்னமும் அந்த பிளாட்பாரத்து ஸ்பாஞ்ச வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாய். அதோடு நிற்கவில்லை. சென்னையில் ஏதோ ஏஜென்சியில் பேசிவிட்டதாகச் சொன்னாய். வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள், அடுத்த மாதத்திலிருந்து அம்மா கட்டிலை விட்டே இறங்க வேண்டியதில்லை என்றாய். கட்டிலை விட்டே இறங்க வேண்டியதில்லை. அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன்.

நீ இங்கே இல்லாத நாட்களில் நடந்தது உனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததும் உன் குற்றம் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

உனக்கு விசா புதுப்பித்து நீ திரும்பிப் போன கொஞ்ச நாளில்தான் அவள் அடுப்படியில் விழுந்தாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தது. காலும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது, இழுத்து இழுத்தாவது நடக்கிறாள். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. வலது கைதான் வரவில்லை. தோளிலிருந்து ஏதோ தொங்குகிற சாமான் மாதிரி கிடந்தது. உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். முடியாதவர்களுக்கு அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மூன்று வேளையும் நான் ஊட்டினேன். ஊட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பாள். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட மனுஷி. அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று எழுத வரவில்லை.

நீ ஆன்லைனில் ஒரு ரப்பர் பந்து அனுப்பினாய். வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிப் பெண் அதை அவள் கையில் வைத்து, "புடிங்கம்மா, அமுக்குங்கம்மா" என்பாள். பந்து கெட்டியாக இருந்தது. விரல் அதைச் சுற்றி மடங்குவதற்குள் நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான் முட்டி வலியோடு குனிந்து துடைப்பத்தால் தள்ளி எடுப்பேன். திரும்பக் கையில் வைத்தால் திரும்ப உருளும். ஒரு நாள் நான் பந்தோடு நிமிர்ந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். "வே...ணாம்" என்றாள். அப்புறம் அந்தப் பந்தை அவள் தொடவில்லை.

இன்னொரு பக்கம் வீட்டு வேலை. செருப்புக் கடையை என் தம்பி மகனிடம் விட்டுவிட்டு நான் அடுப்படிக்கு வந்தேன். எனக்கு என்ன தெரியும்? ஒரே ஸ்பாஞ்சால் எல்லாவற்றையும் தேய்த்தேன். மீன் சட்டியும் அதுதான், பால் ஏனமும் அதுதான். ஒரு நாள் காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள். "மீ...னு" என்றாள். குடித்துப் பார்த்தேன், உண்மைதான். அன்றைக்குத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரத்தில் விரித்து வைத்து விற்கிற ஆளிடம் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். பெயரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. பிளாஸ்டிக் கவரில் பல கலர் ஸ்பாஞ்சு, ஒரு பக்கம் சொரசொரப்பாகப் பச்சை நார் ஒட்டியிருக்கும், ஒரு வாரத்தில் அது உரிந்து வந்துவிடும். அவள் கட்டிலில் உட்கார்ந்து இடது கை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி ஒதுக்கினாள். மஞ்சள் தட்டுக்கு, நீலம் பாலுக்கும் டீக்கும், ஆரஞ்சு மீன் கறிக்கு. ரோஸ் கலரை ஓரத்தில் வெட்டச் சொன்னாள், அது பாத்ரூமுக்கு, தவறிப்போய்க்கூட அடுப்படிக்கு வந்துவிடக் கூடாது. வெள்ளை ஒன்று இருந்தது. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து அவள் முதுகு துடைக்க வைத்துக்கொண்டேன். படுத்தே கிடந்து தோல் மெலிந்திருந்த நேரம், துண்டு உரசினாலே முகம் சுளிப்பாள். அந்த ஸ்பாஞ்சு உறுத்தவில்லை.

அவளைத் தனியாக விட பயந்து தட்டுகளைக்கூட ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கழுவுவேன். ஒரு நாள் அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது இடது கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று எழுந்தேன். இல்லை, ஸ்பாஞ்சைக் காட்டினாள். நாரெல்லாம் உரிந்து துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட மஞ்சள் ஸ்பாஞ்சு. தண்ணீரில் முக்கி அவள் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மடக்கி, என் கையால் மூடிப் பிடித்தேன். தண்ணீர் சொட்டியது. என் கை அமுக்கியதா, அவள் கை அமுக்கியதா என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடியும் தண்ணீர் சொட்டியது.

அந்தக் கைக்கு ஈர ஸ்பாஞ்சு புதிதில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலும் பிறந்த பிறகும் அவள் பொம்மைக் கம்பெனிக்குப் போனவள் என்பது உனக்குத் தெரியும், என்ன வேலை என்று நீ கேட்டிருக்க மாட்டாய். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்தால், இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் பொம்மை மேல் ஒரு கோடு நிற்கும். சூளைக்குப் போகுமுன் அந்தக் கோட்டை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பதுதான் அவள் வேலை. குதிரை, கிளி, பிள்ளையார் எல்லாம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. பச்சை மண் என்பதால் கொஞ்சம் அழுத்தினாலும் மூக்கு போய்விடும் என்பாள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அந்த விரல்களுக்குள் இருந்திருக்கிறது. இருந்தது என்று எனக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிசியோதெரபிப் பெண் பார்த்துவிட்டு, "நல்லா வருது சார், இதையே செய்ய சொல்லுங்க. ஆனா பழசையே வச்சிக்கிட்டு இருக்காதீங்க, கிருமி சேரும். வெந்நீர்ல போட்டு எடுங்க, அடிக்கடி மாத்துங்க" என்றாள். நீ சொல்கிற கிருமி விஷயம் எனக்கும் தெரியும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதால்தான் மலிவானதை வாங்கினேன். புதிதை எடுத்து நாரை உரித்து, துணி துவைக்கிற கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டால் அவள் விரலுக்கு ஏற்ற பதம் வந்துவிடும். அவள் கையிலிருந்து அது கீழே விழும், கிழியும், சாக்கடைப் பக்கம் உருளும். போனால் போகட்டும் என்று அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன். விலை கொடுத்து வாங்கிய சாமானாக இருந்தால் உன் அம்மா வீணாக்கிவிடுவோமோ என்று பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். அவள் சுபாவம் உனக்குத் தெரியாதா?

முதலில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரை ஸ்பாஞ்சில் எடுத்து அடுத்த கிண்ணத்தில் பிழிந்தாள். அப்புறம் டீ கிளாஸ். அப்புறம் பின்பக்கத்துக் குழாயடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தேன், அவள் தட்டும் என் தட்டும் கழுவினாள். ஒரு தட்டுக்கு நான் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆகும். ஆகட்டுமே, எங்களுக்கு எங்கே போக வேண்டியிருந்தது? ஒரு நாள் மதியம் நான் ஊட்டப் போனேன். கையைத் தள்ளிவிட்டாள். பருப்புச் சோற்றைத் தானே பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி மடியில் விழுந்தது, பாதி வாய்க்குள் போனது. உனக்கு உடனே போன் போட எடுத்தேன். "வேணாம். தம்பி... வரட்டும். நேர்ல... காட்டணும்" என்றாள். நீ லீவில் வர அப்போது சில வாரம்தான் இருந்தது.

இதுதான் உனக்குத் தெரியாதது. நீ லீவில் வந்தபோது நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் நீ பார்த்ததும் நான் பார்த்ததும் வேறு வேறு.

நீ வந்த முதல் இரண்டு நாள் வீடு முழுக்க ஜனம். மூன்றாம் நாள் மதியம், நீ சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, அவள் உன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். என் தட்டு இல்லை, அவள் தட்டு இல்லை, உன் தட்டு. கழுவி முடித்துக் கையோடு கொண்டுவந்து உன்னிடம் காட்ட நினைத்திருந்தாள். நீ இடையில் எழுந்து வந்துவிட்டாய்.

"என்ன அத்தா இது? அம்மாவ ஏனம் வெளக்க வுட்டுட்டு நீங்க உக்காந்து பாத்துட்டு இருக்கீங்க?"

"டேய், அவளாத்தான்டா கேட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"முடியாதவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

அவள் கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கினாய். ஜன்னலில் காய வைத்திருந்ததை எல்லாம் ஒரு கவரில் அள்ளி, தெருவில் வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாய். அப்புறம் அவள் காலடியில் உட்கார்ந்து, "நான் சம்பாதிக்கிறது எதுக்கும்மா?" என்று அழுதாய். நீ அழுததைப் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அவள் உன் தலையைத் தடவினாள். "சரிப்பா" என்றாள். சாயங்காலமே நீ கடைவீதிக்குப் போய் தடிதடியாக வெளிநாட்டு ஸ்பாஞ்சும் கைப்பிடி வைத்த பிரஷ்ஷும் வாங்கி வந்தாய். பாத்திரம் கழுவ செல்வியையும் ஏற்பாடு செய்தாய். தெருவில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். முடியாத பொம்பளையை வேலை வாங்குகிற மனுஷன் என்று என்னைப் பார்த்த பார்வையையும் நான் வாங்கிக்கொண்டேன்.

நீ விமானம் ஏறிய மறுநாள் ஸ்பாஞ்சு வாங்கி வரவா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். "வேணாங்க. புள்ள... அழுதான்" என்றாள். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், சத்தமும் போட்டேன். நீ அழுததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது, தன் கை பெரிதாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் உள்ளே சுருண்டன. நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்க துணி சுருட்டி வைக்க வேண்டியிருந்தது. சோறு பிசைந்த கை அது. நான் திரும்ப ஊட்ட ஆரம்பித்தேன், அவள் திரும்பக் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். "நல்லா வந்துட்டு இருந்துச்சே, என்ன ஆச்சு சார்?" என்று பிசியோதெரபிப் பெண் கேட்டாள். என் மகன் பாசமாக இருந்துவிட்டுப் போனான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

செல்வியை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல பெண். ஒரு நாள் அவள் ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டாள். நான் பள்ளிவாசலில் மதியத் தொழுகை, லுஹர், முடித்துவிட்டு வந்தேன். குழாயடியில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உன் அம்மா இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காலைச் சுற்றிக் கண்ணாடித் துண்டுகள். நீ வாங்கிக் கொடுத்த தடி ஸ்பாஞ்சு தரையில் கிடக்கிறது. அதைப் பிடிக்க முயன்று முயன்று, அது நழுவி, கூடவே கிளாஸும் போயிருக்கிறது. வெறுங்கால். ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் பாதம் கிழிந்திருக்கும். "ஆடாம நில்லு" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைக் கூட்டி எடுத்து, அவளைச் சேரில் உட்கார வைத்தேன். அவள் முகத்தில் பயமே இல்லை, கோபம்தான் இருந்தது. உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "இத... புடிக்க முடியலங்க. பழைய... மாதிரி... வாங்கிட்டு வாங்க. தம்பிகிட்ட... சொல்லாதீங்க."

உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். "என்ன பாய், ரொம்ப நாளா ஆளயே காணோம்?" என்றார் பிளாட்பாரத்து ஆள். இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

அதிலிருந்து மறுபடியும் செய்கிறாள். முதல் தடவை வந்தது போல சீக்கிரம் வரவில்லை. சுண்டு விரல் இன்னமும் மடங்கியே இருக்கிறது, இனி அது நிமிராமலே போகலாம் என்கிறாள் பிசியோதெரபிப் பெண். நீ அள்ளிப் போட்ட கவரோடு அதுவும் போய்விட்டது என்று எனக்கு ஆற்றாமை வருகிற நாட்கள் உண்டு. செல்வி தினமும் வருகிறாள், பெரிய ஏனம் எல்லாம் அவள்தான். ஆனால் இரண்டு தட்டையும் டீ கிளாஸையும் தொட மாட்டாள். "அது அக்காவோடது பாய், அவங்க வெளக்கட்டும்" என்பாள். சோறும் மறுபடி பாதிக்குப் பாதி வாய்க்குப் போகிறது.

எல்லாவற்றையும்விட என்னால் தாங்க முடியாதது எது தெரியுமா? வெள்ளிக்கிழமை நீ கூப்பிடுகிற நேரம் ஆனால் உன் அம்மா அவசர அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு வந்து, போர்வையை மேலே போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருகிறாள். ஓய்வு எடுக்கிற மாதிரி உனக்குக் காட்ட. திருடியா அவள்? தன் வீட்டில் தன் தட்டைக் கழுவிய கையைத் தான் பெற்ற பிள்ளையிடம் மறைக்கிறாள். போன வாரம் அவசரத்தில் நுரையைச் சரியாகத் துடைக்கவில்லை, நீ பிடித்துவிட்டாய். அதற்குத் தண்டனையாகக் கட்டிலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறாய்.

அந்த ஏஜென்சிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆள் தேவைப்படுகிற நாள் வந்தால் நானே கேட்பேன், எனக்கும் வயதாகிறது, வெட்கப்பட மாட்டேன். நாளைக்கு உனக்கும் நிக்காஹ் ஆகும், குடும்பம் வரும். யாருக்காவது எதையாவது செய்து கொடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப் பழகிக்கொள். நீ அன்றைக்குக் குழாயடியில் "ஏம்மா இத செய்றீங்க?" என்று கேட்டிருந்தால் போதும், அவள் சொல்லியிருப்பாள். நேரம் எடுத்திருக்கும், ஆனால் சொல்லியிருப்பாள். அடுத்த லீவில் வரும்போது அவள் உன் தட்டை எடுத்தால் எடுக்க விடு. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார். கழுவி முடித்து அவள் நீட்டினால் வாங்கிக்கொள். அழுகை வந்தால் அங்கேயே அடக்கிக்கொள், உன் அழுகைக்கு அவள் நிறையக் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவும் எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனமில்லை. மீன் டீ வந்த இடத்தில் சிரித்தாள். நீ அழுத இடம் வந்ததும், "அத... எடுத்துடுங்க" என்றாள். எடுக்க மாட்டேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அனுப்ப விட மாட்டாள் என்றே நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள்.

"அனுப்புங்க" என்றாள். "அவன் கேட்டா... நான்... பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூப்பிடு. போனை நான் எடுக்க மாட்டேன். உன் அம்மா எடுப்பாள். எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், வைத்துவிடாதே.

அத்தா